ஏழுமலைக்குப் போட்ட நாற்காலி

போன வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறேன், வாசலில் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் சரோஜா நிற்கிறாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் ஆபீஸில் பந்தல், மேஜை, மாலை என்று எந்தப் பேச்சு வந்தாலும், "பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா" என்று யாரையாவது அனுப்பிவிடுகிறார்கள். என் வீட்டுக்காரிக்கு இதில் பெருமைதான். வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டாக வேண்டுமே என்ற வருத்தமும் உண்டு.

"ஐயா, எல்லையில இப்ப நடந்த சண்டை முடிஞ்சுதில்ல, அதுக்கு ஆபீஸ்ல விழா எடுக்கறோம். செத்துப்போனவங்க குடும்பத்துக்கு மரியாதை பண்ணணும். இந்தத் தடவை பிடிபட்டவங்க குடும்பத்தையும் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. நம்ம தாலுகாவுல பட்டாளத்துக்குச் சாமான் ஏத்திக்கினு போன லாரி டிரைவர் ஒருத்தர் மாட்டிக்கினு இருக்கார். அவர் சம்சாரம் வராங்க. அவங்கள எங்க உட்கார வைக்கறதுன்னு ஆபீஸ்ல ஒரே சண்டை. ஹெட் கிளார்க் ஒண்ணு சொல்றார், ஆர்.ஐ. ஒண்ணு சொல்றார். சீனச் சண்டையப்ப நீங்க இந்த மாதிரி ஒண்ணு நடத்தினீங்களாமே" என்றாள்.

"நான் எங்கம்மா நடத்தினேன். நாற்காலி போட்டேன்" என்றேன்.

"அந்த நாற்காலி சங்கதிதான் வேணும் எங்களுக்கு" என்று சொல்லிக் காபியை வாங்கிக்கொண்டாள். அவளிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுத்தில் போடுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டவாலியாக வேலைக்குச் சேர்ந்தவன். மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, அதிகாரிக்கு நாலடி முன்னால் நடை. பார்ப்பவர்களுக்கு ஏதோ சேனாதிபதி மாதிரி இருக்கும். உள்ளே வந்தால் மைக்கூடு கழுவுவது முதல் வண்டிக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுப்பது வரை எல்லாம் நாம்தான். என்னைப் பழக்கிய தபேதார், அதாவது டவாலிகளுக்கெல்லாம் மூத்தவர், நரசய்யா தெலுங்கு பேசுகிறவர், பெரிய மீசை. அவரிடம் கற்றது நிறைய. மறக்காதது ஒன்று.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா. தலைமை தாங்க வந்த மிராசுதாரோடு அவருடைய அண்ணனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். மாலை இருப்பது ஒன்று, கழுத்து இரண்டு. தம்பிக்குப் போட்டால் அண்ணனுக்குக் கோபம், அண்ணனுக்குப் போட்டால் கூப்பிட்டவருக்கு அவமானம். நரசய்யா கொஞ்சமும் அசரவில்லை. பிள்ளையார் கழுத்தில் இருந்த மாலையைக் கும்பிட்டுக் கழற்றி, "சாமி பிரசாதம், மூத்தவருக்கு" என்று அண்ணனுக்குப் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் சந்தோஷம். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "நாயனா, எல்லா நேரத்துலயும் பிள்ளையார் பக்கத்துல இருக்கமாட்டார். எந்த விழாவா இருந்தாலும் ஒரு மாலை கூடுதலா சொல்லி வை" என்றார். ஓய்வு பெறும் வரையில் அதைக் கடைப்பிடித்தேன். மிஞ்சினால் அம்மனுக்கு ஆகும்.

இப்படிச் சில வருஷம் ஓடியபின் வந்தவர்தான் தாசில்தார் வேதாசலம். ஒல்லியான மனிதர். குரல் அதைவிட ஒல்லி. அவர் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரே நிற்பவனுக்கு வேர்க்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விழாவானாலும் முந்தின நாள் சாயங்காலம் தனியாகப் பந்தலுக்கு வருவார். போட்டிருக்கிற நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார். மேடை நாற்காலி மட்டும் இல்லை, கீழே கடைசி வரிசை பெஞ்சு வரைக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம், கையை மடியில் வைத்துக்கொண்டு, விழாவுக்கு வந்தவர் மாதிரியே. "இங்க உட்கார்ந்தா தூண் மறைக்குதுப்பா." "இங்க கண்ணுல வெயில் அடிக்குது." "இதுல ஆணி துருத்திக்கினு இருக்குது, பாரு." அந்த ஆணியில் அவர் வேட்டியே ஒருமுறை கிழிந்துவிட்டது. நான் பதறினேன். "நாளைக்குக் கிழிய வேண்டியது இன்னைக்குக் கிழிஞ்சுது, விடு" என்றார்.

முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாலைந்து விழா ஆனபின், நாற்காலியைத் தூக்கி வைக்கும்போதே அதில் உட்காரப்போகிறவர் யார், அவர் கண்ணுக்கு என்ன படும் என்று எனக்கும் யோசனை வர ஆரம்பித்தது.

இனி ஏழுமலையைச் சொல்ல வேண்டும். முசரவாக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். அப்பா பெயர் சின்னக்கண்ணு. ஏழுமலைக்கு ஏர் பிடிப்பதைவிட இயந்திரத்தில் ஆசை அதிகம். ரோடு ரோலர் ஓட்டுகிற வேலைக்கு வந்துவிட்டான். அப்போது கரி போட்டு ஓட்டுகிற ரோலர். புகையும் சத்தமுமாக அது தெருவில் நுழைந்தால் தறியில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

தேர்த் திருவிழாவுக்கு முன்னால் தேர் ஓடுகிற வீதிகளில் பள்ளம் மேடு பார்த்து ஜல்லி கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு அழுத்த வேண்டும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அன்றைக்குத் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வேலையை மேற்பார்க்க ஆபீஸ் தரப்பில் என்னை அனுப்புவார்கள். மேற்பார்வை என்று பெயர். உண்மையில் ஏழுமலை சொல்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்வதுதான் என் வேலை. கரி அப்பிய முகத்தோடு ரோலர் மேலே உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற எல்லாரையும் வம்புக்கு இழுப்பான். "டவாலியாரே, உங்க தாசில்தாருக்கு முன்னால நீங்க போறீங்க. சாமிக்கு முன்னால நான் போறேன். யாரு பெரியவன் சொல்லுங்க" என்பான். கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அவன் சிரிப்பான்.

அப்புறம் வடகிழக்கே மலை எல்லையில் ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்துவிட்டான். சம்பளம் கூடுதல். அங்கே புல்டோசர் ஓட்டலாம் என்பது அதைவிடப் பெரிய ஆசை. அவனுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி முனியம்மா. புறப்படும் முன்பு ஆபீஸுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். நான் அம்மன் குங்குமம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன்.

சீனாக்காரன் மலையிறங்கி வந்தபோது ஏழுமலை அங்கேதான் இருந்தான். பட்டாளத்துக்காரர்களோடு சேர்ந்து, துப்பாக்கி பிடிக்காத இந்த ரோடு வேலைக்காரர்கள் சமையல்காரர்கள் எல்லாரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். சில பேர் செத்தார்கள், சில பேர் பிடிபட்டார்கள். ஏழுமலை இரண்டில் எது என்று யாருக்கும் தெரியவில்லை. காணவில்லை, அவ்வளவுதான். முனியம்மா வாரத்துக்கு ஒருமுறை முசரவாக்கத்திலிருந்து ஆபீஸுக்கு வருவாள். படியேறமாட்டாள். நான் தலையை ஆட்டினால் புரிந்துகொண்டு, "சரிங்க, அடுத்த வாரம் வரேன்" என்று திரும்பிவிடுவாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

அடுத்த தை மாதம் விழா எடுக்கச் சொல்லி மேலிருந்து வந்தது. சண்டையில் உயிர் விட்டவர்கள் குடும்பத்தை மேடையேற்றிச் செப்புப் பட்டயம் கொடுக்க வேண்டும். நிலமில்லாத குடும்பமாக இருந்தால் புறம்போக்கில் கொஞ்சம் நிலம் ஒதுக்கிப் பட்டா தரலாம். பட்டாளத்துக்காரர் மட்டும் இல்லை, பட்டாளத்தோடு வேலை பார்த்த தொழிலாளிக்கும் உண்டு. காணாமல் போனவரை, குடும்பத்தார் ஒப்புக்கொண்டால், இறந்தவரோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தாலுகாவில் மூன்று குடும்பம். ஒரு சிப்பாயின் இளம் மனைவி. இன்னொரு சிப்பாயின் வயதான தாயார், அவரும் கணவரை இழந்தவர். மூன்றாவது முனியம்மா.

விழா வேலை ஹெட் கிளார்க் சீனிவாசனுக்கும் எனக்கும் வந்தது. அவர் சின்னக் காஞ்சிபுரம், நெற்றி நிறையத் திருநாமம். நான் விபூதி. இரண்டு பேரும் கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், எதை எங்கே செய்யக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள். அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்து யோசித்தோம். விழா என்றால் வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பூ. வருகிற பெண்களுக்கெல்லாம் தட்டு நீட்டுவார்கள். கணவனை இழந்தவர் முன்னால் குங்குமத் தட்டை நீட்டிவிட்டு, அவர் கை கூப்பி விலகுவதை ஊரே பார்த்தால் அந்த மனசு என்ன பாடுபடும்? ஆகவே இந்த மூன்று குடும்பத்துக்கும் வலப்பக்கம் தனியாக ஒரு வரிசை. பக்கத்து வாசல் வழியாக வந்து உட்காரட்டும். அந்த வரிசைப் பக்கம் குங்குமத் தட்டும் போகாது, பூத்தட்டும் போகாது. "பேஷ்" என்றார் சீனிவாசன். "அம்பாள்தான் யோசனை கொடுத்தா" என்றேன் நான். இரண்டு பேருக்கும் அவ்வளவு திருப்தி.

பூக்காரம்மாவிடம் மாலைக்கும் உதிரிக்கும் சொல்லிவிட்டு வந்தேன். நரசய்யா சொன்னபடி ஒரு மாலை கூடுதலாக. இன்ன வரிசைக்குப் பூ வேண்டாம் என்றும் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. காஞ்சிபுரத்தில் பூக்காரியிடம் சொன்ன செய்தி, பூ வாடுவதற்குள் ஏழு ஊருக்குப் போய்விடும்.

விழாவுக்கு முந்தின நாள் பகலில் முனியம்மா வந்தாள். முதல் தடவையாகப் படியேறி வந்தாள். கூடவே மாமனார் சின்னக்கண்ணு. தாசில்தார் மேஜைக்கு எதிரே நின்றார்கள்.

சின்னக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, நாங்க நாளைக்கு வரோம். ஒண்ணும் தகராறு இல்ல. இது ஏதோ கேக்கணும்னுது" என்றார்.

"சொல்லுமா" என்றார் தாசில்தார்.

"நாளைக்கு எங்கள உட்கார வைக்கற வரிசைக்குக் குங்குமத் தட்டு வராதாமே. மெய்தானுங்களா?"

தாசில்தார் எங்களைப் பார்த்தார். சீனிவாசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது ஏன் அப்படி என்று பதமாக எடுத்துச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

"அவங்களுக்கு அது சரிங்க. நான் பொட்டு வச்சிக்கினு இருக்கறேனே" என்றாள்.

சின்னக்கண்ணு பல்லைக் கடித்தார். "ஏம்மா, ஒரு நாழி உட்கார்ந்து எழுந்தா போவுது. நெலம் வருதில்ல. எத்தினி வருஷமா அடுத்தவன் நெலத்தை வாரத்துக்கு உழுறோம். அவன் வந்தா வரட்டும், யாரு வேணாம்னா? அப்ப அவனே வந்து ஏரைப் பிடிக்கட்டும்."

"நெலம் வேணாம்னா சொன்னேன் மாமா. நான் அங்க போய் உட்கார்ந்தா ஊரு இன்னா சொல்லும்? அன்னைக்கே தாலியைக் கழட்டுன்னு சொல்லாது? வர்ற மனுசன் வாசல்லயே கேட்டு, அப்படியே திரும்பிப் போய்ட மாட்டாரு?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆகவே கோபம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மெதுவாகச் சொன்னார். "இதோ பாருமா. செத்தவங்களுக்குன்னு சர்க்கார் ஒரு வரிசை போடச் சொல்லியிருக்குது. அந்த வரிசையில உட்கார்ந்தா பட்டயம், பட்டா எல்லாம் நான் கொடுக்க முடியும். அவன் பிடிபட்டிருந்தான்னா, பிடிபட்டவனுக்குன்னு ஒரு வரிசை இல்ல. அதுவும் பட்டாளத்துக்காரன் இல்ல, ரோடு வேலைக்குப் போனவன். அவனுக்கு இன்னா மரியாதைன்னு எங்கயும் சொல்லல. நான் இன்னா பண்ணட்டும்?"

"அவரு ஓடியா போனாரு? சர்க்கார் ரோடு போடத்தானே போனாரு. வரிசை இல்லன்னா ஒரு வரிசை போடுங்க. நாற்காலிதானே சாமி?"

அறையில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி என் இலாகா அல்லவா.

"பார்ப்போம். நாளைக்கு வாங்க" என்றார் தாசில்தார். முனியம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். சின்னக்கண்ணு நின்று, "நெலத்தை மறந்துடாதீங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாரத்துக்கு உழுகிறவனுக்குத்தான் சொந்தமாக ஒரு வரப்பு இருப்பதன் அருமை தெரியும்.

சாயங்காலம் தாசில்தார் வழக்கம்போலப் பந்தலுக்கு வந்தார். நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில் இருந்த மைதானம் அது. வரிசையாக உட்கார்ந்துகொண்டே வந்தார். வலப்பக்க வரிசைக்கு வந்து, முனியம்மாவுக்கென்று போட்ட கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். "தட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? எடுத்துக்கினு வா பார்க்கலாம்" என்றார். நான் வெறும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு மற்ற வரிசையெல்லாம் சுற்றினேன். அவர் உட்கார்ந்த வரிசைக்குப் பக்கத்தில் வந்ததும், ஏற்பாட்டின்படி வந்த வழியே திரும்பிப் போனேன்.

"இன்னொரு தபா" என்றார். மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் திரும்பிப் போனேன். போகும்போது என் முதுகு அவர் பக்கம் இருந்தது. என்னவோ எனக்கே அது கூசியது.

அவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "இங்க ஒரு நாற்காலி போதாதுப்பா. ரெண்டு எடுத்துக்கினு வா. இந்த வரிசைக்கும் ஊர் ஜனம் உட்கார்ற வரிசைக்கும் நடுவுல தனியா போடு. மாமனாருக்கு அதுக்குப் பின்னால ஒண்ணு போட்டுடு" என்றார்.

"ரெண்டு யாருக்கு?" என்றார், பந்தல் வேலையாக என்னோடு நின்றிருந்த சீனிவாசன்.

"ஒண்ணு அந்தம்மாவுக்கு. இன்னொண்ணு ஏழுமலைக்கு."

"சார், இதுக்கு உத்தரவு?"

"நாற்காலி போட எதுக்கு உத்தரவு, சீனிவாசன்? தட்டு அங்க வரைக்கும் வரணும். அவ்வளவுதான்."

ஆபீஸிலிருந்தே நல்லதாக இரண்டு பிரம்பு நாற்காலி எடுத்து வந்தேன். ஒன்று தாசில்தார் அறைக்கு வருகிறவர்கள் உட்காருகிறது. அதைத்தான் ஏழுமலைக்குப் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஒரு கூத்து. ஜில்லாவிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் ஜீப், நெசவாளர் தெருவில் நுழைய முடியவில்லை. தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள இழை, விரித்திருக்கிறார்கள். அத்தனை இழையும் விறைப்பாகக் கட்டி, கஞ்சி தோய்த்து, காய்ந்து வருகிற நேரம். பாதியில் அவிழ்த்தால் பட்டெல்லாம் வீண். டிரைவர் ஹாரன் அடித்தான். பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கிழவர், "காயட்டும் இருப்பா, சாமி வந்தாலும் நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அதிகாரி நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே இறங்கிப் பாவு ஓரமாக நடந்தே வந்துவிட்டார். நான் பட்டையும் வில்லையுமாக முன்வாசலில் விறைத்து நிற்கிறேன், அவர் பக்கவாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

விழா ஆரம்பமானது. பெண்கள் தட்டெடுத்து வந்தார்கள். கோயிலில் கேட்டு வாங்கி வந்த குங்குமம் அதில் இருந்தது. தட்டு தனி நாற்காலிக்கு வந்தபோது முனியம்மா எழுந்து நின்று, தொட்டு நெற்றியில் வைத்து, வகிட்டில் வைத்து, தாலியில் வைத்தாள். பூவும் எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி காலி. ஊர் ஜனம் கழுத்தை நீட்டி அதையே பார்த்தது.

பட்டயம் கொடுத்தார்கள். அந்த இளம்பெண்ணை அவள் தகப்பனார் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அடுத்து வயதான தாயார், தானே படியேறிப் போய், தானே இறங்கி வந்தார். பெரிய அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கி அவர்கள் வரிசைக்கே வந்து கும்பிட்டார். அப்படியே திரும்பியவர் கண்ணில் காலி நாற்காலி பட்டது.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

"ஏழுமலை. ரோடு ரோலர் டிரைவர். எல்லையில் ரோடு போடப் போனவர்" என்றார் தாசில்தார்.

அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ. மேடை ஓரத்து மேஜையில் என்னுடைய கூடுதல் மாலை இருந்தது. சாமந்தியும் சம்பங்கியும் கட்டிய கனத்த மாலை. அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பக்தியோடு காலி நாற்காலியை நோக்கி நடந்தார்.

ஆள் இல்லாத நாற்காலிக்கு மாலை போட்டால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். தட்டு வந்தது, பொட்டு வைத்தாள், எல்லாம் சரி. இந்த மாலை விழுந்தால் அத்தனையும் போயிற்று. அதிகாரி கையைப் பிடித்துத் தடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தாசில்தார் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

முனியம்மா எழுந்தாள். நாற்காலிக்கும் அதிகாரிக்கும் நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.

"எங்கிட்ட குடுங்க சாமி. அவரு வந்ததும் நான் போடறேன்."

அதிகாரி அவள் நெற்றியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். முகம் மாறியது. மாலையை அவள் கையில் வைத்து, "வந்ததும் போடு, தாயே" என்றார். வலப்பக்க வரிசையில் இருந்து அந்த வயதான தாயார், "கெட்டியா வச்சுக்கோ கண்ணு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பந்தலில் எல்லாரும் அழுதார்கள். நானும்தான்.

நிலம் போயிற்று. இறந்தவர் இல்லையென்றால் பட்டா இல்லை. தாசில்தார் இரண்டு முறை எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. காலி நாற்காலி எதற்கு என்று மேலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது. "வர வேண்டியவர் வரவில்லை" என்று பதில் எழுதினார். அத்தோடு விட்டுவிட்டார்கள். பிரம்பு நாற்காலியைத் திரும்ப அவர் அறையில் போடப் போனேன். "அது வேணாம். ஓரமா வை" என்றார். சுவரோரம் வைத்தேன். அதில் யாரும் உட்காரவில்லை. சின்னக்கண்ணு மருமகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்வி. முனியம்மா மட்டும் வாரம் தவறாமல் வந்து, என் தலையாட்டலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வைகாசி பிறக்கப் போகிறது. நல்ல வெயில். ஆபீஸ் வாசலில் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், உடம்பு பாதியான ஒரு ஆள், தலை ஒட்ட வெட்டி, பஞ்சு வைத்துத் தைத்த கனத்த கோட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் பாதி ஊர். பின்னால் முனியம்மா, சின்னக்கண்ணு.

"டவாலியாரே, இன்னும் தாசில்தாருக்கு முன்னாலதான் போறீங்களா?" என்றான்.

அம்மா தாயே என்று கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். ரயிலில் வந்து, பஸ் ஏறி, நேரே முசரவாக்கத்தில் இறங்கியிருக்கிறான். "அங்க குளிருக்குக் குடுத்தான். வழியில தூக்கிப்போட மனசு வரல. நம்ம ஊரு வெயில்ல இதைப் போட்டா வேக வச்ச கிழங்குதான்" என்று கோட்டைக் காட்டினான்.

தாசில்தார் எழுந்தே வந்துவிட்டார். "அந்த நாற்காலியை எடுத்துப் போடுப்பா" என்றார். சுவரோரத்திலிருந்து எடுத்து, துண்டால் தட்டி, அவர் மேஜைக்கு எதிரே போட்டேன்.

"உட்காரு ஏழுமலை."

"ஐயோ, நான் நிக்கறேன் சாமி. உங்க முன்னால இன்னா உட்கார்றது."

"இது உன்னோடதுப்பா. தை மாசத்துலேர்ந்து காலியா இருக்குது. உட்காரு."

நுனியில் உட்கார்ந்தான். ரோலர் ஓட்டுகிறவன் மாதிரியே முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். சீனிவாசன் என் காதருகே வந்து, "ஓய், மாலை எங்கே? எப்பவும் ஒண்ணு கூடுதலா வச்சிருப்பீரே" என்றார். அன்றைக்கு என்ன விழாவா நடக்கிறது, மாலைக்கு எங்கே போவேன்? பூக்கடைக்கு ஓடலாம் என்று படியிறங்கினேன்.

"எங்கிட்ட இருக்குதுங்க" என்றாள் முனியம்மா.

முந்தானையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். அந்த மாலைதான். சம்பங்கி எல்லாம் உதிர்ந்துபோய், காய்ந்த சாமந்தி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்க, மற்றபடி வெறும் வாழைநார். அத்தனை பேர் முன்னாலும் அதை அவன் கழுத்தில் போட்டாள். கருகிய இதழ் அவன் மடியெல்லாம் கொட்டியது.

ஏழுமலை குனிந்து பார்த்தான். "இன்னா இது? ஒரு நல்ல மாலை கிடைக்கலியா உனக்கு?"

"வாங்கினப்ப நல்லாத்தான் இருந்துது. நீதான் லேட்டு" என்றாள்.

தாசில்தார் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். சின்னக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. "நீ செத்திருந்தா நமக்கு நெலம் வந்திருக்கும்டா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மகன் தோளில் கிடந்த கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "வுடு நைனா. நெலம் இன்னா, ரோடு போட்டுச் சம்பாதிக்கறேன்" என்றான் அவன்.

பிடிபட்டு மீண்ட தொழிலாளிக்குச் சர்க்கார் அந்தக் காலத்தில் வேறு ஒன்றும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தாசில்தார் தம்மால் முடிந்ததைச் செய்தார். அவனைப் பழைய ரோலருக்கே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி, சம்பந்தப்பட்ட ஆபீஸுக்குத் தாமே நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த வைகாசித் தேருக்கு வீதியை அழுத்தியது ஏழுமலைதான். தண்ணீர் தெளிக்கச் சொன்னவன் நான்தான்.

சரோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப பிடிபட்டவங்களுக்கும் சர்க்காரே வரிசை போடச் சொல்லிடுச்சு. அவர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார், இல்லைங்களா ஐயா?" என்றாள். வேதாசலம் ஐயா காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

"சந்தோஷப்படுவார். ஆனா முந்தின நாள் வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் சந்தோஷப்படுவார்" என்றேன். "நீங்களும் பாருங்கம்மா. டிரைவர் சம்சாரத்துக்கு ரெண்டு நாற்காலி போடுங்க. தட்டு அவங்க கைக்கு வரணும். மாலை ஒண்ணு கூடுதலா சொல்லுங்க. அதை நாற்காலியில வைக்காதீங்க, அந்தம்மா கையில குடுங்க."

"வாடிப் போயிடுமே ஐயா?"

"வாடட்டும்" என்றேன்.